நோய் வந்த வருடத்தைச் சொல்லிவிட்டேன்

அன்புத் தங்கச்சி ஃபர்ஸானாவுக்கு,

நீ மௌத்தாகி இன்றைக்குப் பன்னிரண்டு நாள். சிங்கப்பூரில், அலுவலகக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, கதிரையில் இருந்தபடியே போய்விட்டாய். மாரடைப்பாம். நான் விமானம் பிடித்து அங்கே வந்து சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. நாற்பத்தொரு வயதில் எப்படி இதயம் நிற்கும், புள்ள? எனக்கு இன்னும் விளங்கவில்லை. போனை எடுத்தால் விரல் உன் பெயரில்தான் போய் நிற்கிறது.

உன் வேலையை நம் ஊர் முந்தலில் யாருக்கும் விளங்கப்படுத்த என்னால் முடிந்ததில்லை. முதலீட்டு வங்கி என்பேன். வங்கி மட்டும்தான் அவர்கள் காதில் விழும். போன பெருநாளைக்கு மாமி மகனையும் கூட்டிவந்து உன்னைப் பிடித்துக்கொண்டாவே!

“பேங்க்ல தானே புள்ள வேல? இவனுக்கு ஒரு லோன் எடுத்துத் தர ஏலாதா?”

“எங்கட பேங்க்ல லோன் இல்ல மாமி. மருந்துக் கொம்பனிய விக்கிறவங்களுக்கும் வாங்குறவங்களுக்கும் நடுவுல நான் நிக்கிறேன்.”

“அப்ப தரகு எண்டு சொல்லேன்!”

“ஓம் மாமி, தரகுதான்” என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

உயிரியல் படித்தவள் டொக்டராகவில்லையே என்று வாப்பாவுக்குக் கடைசிவரை மனத்தாங்கல். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது தரகாகத்தான் தெரிந்தது. உன்னோடு வேலை செய்த பெண், உன்னை அடக்கிய கபுறடியில் நின்று ஒரு விடயம் சொன்னாள். புற்றுநோய் மருந்து செய்யும் சின்னக் கொம்பனி ஒன்றை விற்றுக்கொடுக்க எடுத்திருந்தாயாம். நோயாளிகளிடம் மருந்தைச் சோதித்த அறிக்கையை வரிவரியாக வாசித்து, ஈரல் கெட்டுப்போன இரண்டு பேரை அவர்கள் மறைத்திருந்ததைக் கண்டுபிடித்தாயாம். “சொல்லிப்போட்டு வில்லுங்கள், இல்லாவிட்டால் நான் இல்லை” என்று, ஒன்றரை வருட உழைப்பை அப்படியே விட்டுவிட்டு எழும்பினாயாம்.

அதே சொல்லை, நீ மௌத்தாவதற்கு நாலு நாளைக்கு முன்னர்தானே என்னிடமும் சொன்னாய்?

என் இறால் குஞ்சு பொரிப்பகத்தில் பங்கு வாங்க, இறால் நோயைப் பரிசோதிக்கும் கருவி செய்யும் வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று வந்திருந்தது. “சொந்த நானாட வியாபாரத்துல நான் நிக்க ஏலாது, கணக்குத் தாள மட்டும் பாத்துத் தாறேன்” என்றாய். மறுநாளே போன்.

“நானா, இந்த ஒரு வருஷத்துல குஞ்சு விக்கிறது இடையில நிண்டு போயிரிக்கு. என்ன நடந்த?”

“மழை.”

“மழையா, வெள்ளைப்புள்ளியா?”

வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் இந்தக் கரையில் யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தால் அடுத்த போகத்துக்கு வாங்க ஆள் வராது. தொட்டித் தண்ணீரைக் கால்வாயில் திறந்துவிட்டு, உயிரோடு மிஞ்சியதை அவசரமாக விற்றுவிடுவோம். நானும் அதைத்தான் செய்தேன். என்னிடம் குஞ்சு வாங்கிய ஐந்து பேரின் குளங்கள் ஒரே கிழமையில் செத்தன. “ஊரே செய்யிறத்தத்தான் நானும் செஞ்ச” என்று உன்னிடம் கத்தினேன். “சொல்லிப்போட்டு வில்லுங்க நானா” என்றாய். “தரகுக்காரி எனக்கு வியாபாரம் படிப்பிக்க வேணாம்” என்று போனை வைத்தேன். அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவே இல்லை. மன்னிப்பாயா?

நேற்று அந்தக் கொம்பனியின் ஆட்கள் இரண்டு பேர் புத்தளத்துக்கு வந்தார்கள். கைச்சாத்து வைக்கவேண்டியதுதான் பாக்கி. நான் அந்த வருடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும், என் பங்காளி நஸீர் மேசைக்கடியில் காலை மிதித்தான். முழுவதையும் சொல்லி முடித்தேன். அவர்கள் வெளியே போய்க் கதைத்தார்கள்.

“பைத்தியமா நானா? அவங்க கேட்டாங்களா?”

“கேக்கல்ல. அதான் சொன்ன.”

“போச்சு, எல்லாம் போச்சு” என்று அவன் தலையில் கைவைத்தான்.

போகவில்லை, தங்கச்சி. அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, நோயை மறைக்காத பொரிப்பகம்தான் தங்கள் கருவிக்கு வேண்டும் என்றார்கள். உனக்கு நான் தரும் வாக்கு, அந்தத் தாளில் கைச்சாத்து வைத்ததுதான்: பங்கில் நாற்பது வீதம் அவர்களுக்கு, முன்பு பேசிய விலையில் மூன்றில் ஒன்று குறைத்து. ஒவ்வொரு தொட்டியும் பரிசோதிக்கப்படும். முடிவு வாசலில் ஒட்டப்படும். நோய் கண்ட தண்ணீர் மருந்திட்டுச் சுத்தமாக்காமல் கால்வாய்க்குப் போகாது. அந்த ஐந்து பேருக்கும் இரண்டு போகத்துக்குக் குஞ்சு இலவசம், என் பங்கிலிருந்து.

உன் நானா