முதுகு நாடா

அன்புள்ள ஆத்தாவுக்கு, அனுசியா எழுதுவது. நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? தோட்டத்துக்குப் போகும் போடிமெட்டு ஜீப்பில் முன்சீட்டைக் கேட்டு உட்கார்.

நான் நர்ஸாக இருக்கும் இந்த டெல்லி ஆஸ்பத்திரியில் புது உத்தரவு வந்திருக்கிறது. போட்டு எறியும் பிளாஸ்டிக் அங்கிக்குப் பதிலாக, துவைத்து உடுத்தும் துணி அங்கியை எல்லா வார்டிலும் இருப்பு வைக்க வேண்டுமாம். அதற்கு முதுகில் நாடா. தினமும் எனக்குக் கட்டிவிடும் கேரளத்து நர்ஸ் நேற்று லீவு. மற்றவர்களிடம் இந்தியில் கேட்கக் கூச்சப்பட்டு நானே கட்டினேன். நடு வார்டில் அது அவிழ்ந்து காலில் சிக்க, விழுந்துவிட்டேன். நோயாளிகள்கூடச் சிரித்தார்கள். அடி ஒன்றும் இல்லை.

நீ ஏலக்காய் எடுக்கப் போகும்போது மழைக்கான பிளாஸ்டிக் ஷீட்டை நான்தானே முதுகில் கட்டிவிடுவேன்? "இறுக்கிக் கட்டுடீ, ஜீப்பு போயிரும்" என்று கத்துவாய். இப்போது யார் கட்டிவிடுகிறார்கள்?

போடியில் நீளமான நாடா ஒரு கட்டு வாங்கி அனுப்பு. தைத்துக்கொண்டால் முன்பக்கம் சுற்றி நானே கட்டிக்கொள்வேன். டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்
அனுசியா

பி.கு.: நாடா வேண்டாம் ஆத்தா. நாள் முழுக்க நான் எத்தனையோ பேரைத் தொடுகிறேன். என்னைத் தொடுவது, காலையில் அந்த முடிச்சைப் போடும் கை மட்டும்தான்.