வீட்டிலும் அவன் என்னைச் ‘சார்’ என்றே அழைத்தான்

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கம் கூறி எழுதுவது. தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் நாள்தோறுமான வேண்டுதல்.

இங்கே பள்ளி திறந்துவிட்டது. மாடிப்படியின் கைப்பிடிக்கு வீட்டுக்காரர் புது வண்ணம் பூசியிருக்கிறார். அதன்மேல் சறுக்கி இறங்க ஆள் இல்லாததால் பூச்சு கீறல் விழாமல் பளபளக்கிறது. கீழ்வீட்டுத் தையற்காரரின் மனைவி நாள் தவறாமல் அவனைப் பற்றிக் கேட்கிறார். நல்லபடியாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிடுகிறேன்.

அவன் குளிர்ந்த நீரில் குளித்தால் மூக்கடைத்துக்கொள்வான். வெந்நீர் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கமாட்டான். துணைவியாரிடம் இதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இனி, தாங்கள் தொலைபேசியில் மனம் நொந்து சொன்ன செய்திக்கு வருகிறேன். “என்ன மாப்ள வளர்த்து வெச்சிருக்கீங்க? பெரியவங்கன்னு ஒரு மரியாதை வேணாமா? மாமான்னும் கூப்பிடறதில்ல, அப்பான்னும் கூப்பிடறதில்ல. மொட்டையா வந்து நின்னு பசிக்குதுங்கறான்” என்றீர்கள். விருந்தினர் முன்னே தலைகுனிவாகிவிட்டது என்றும் சொன்னீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்க அவனுக்கு வாத்தியார். நீங்க சொன்னா மீறமாட்டான். எங்களை அப்பா, அம்மான்னு கூப்பிடச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்று கேட்டீர்கள். அதற்கான விடை இரண்டு வார்த்தையில் அடங்காது. ஆகவேதான் இந்த மடல்.

உங்கள் ஏக்கத்தை நான் அறியாதவன் அல்லன். அந்த இரண்டு சொற்களுக்காக நீங்கள் இருவரும் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தீர்கள், எத்தனை மருத்துவமனைப் படிகள் ஏறி இறங்கினீர்கள் என்பதை உங்கள் தங்கை எனக்குச் சொல்லியிருக்கிறாள். அதனால் நான் எழுதுவதைக் குத்தலாகக் கொள்ளாமல் படிக்க வேண்டுகிறேன்.

கணவரை இழந்திருந்த உங்கள் தங்கைக்கும் எனக்கும் திருமணத்தை முன்னின்று நடத்தியவர் தாங்கள். அப்போது அவன் என் வகுப்பு மாணவன். முன்வரிசையில், சன்னலோரம் உட்காருவான். வகுப்பில் மற்றப் பிள்ளைகளைப் போலவே என்னைச் ‘சார்’ என்பான். வீட்டில் எதுவும் சொல்லி அழைக்கமாட்டான். நான் நாளிதழ் படிக்கும் நாற்காலியருகே வந்து நிற்பான். நான் திரும்பினால் சொல்ல வந்ததைச் சொல்வான். திரும்பாவிட்டால் மெல்ல ஒரு முறை இருமுவான். அதுவும் எனக்குக் கேட்கவில்லையென்றால் போய்விடுவான். இன்று உங்கள் வீட்டில் அவன் செய்வது இதுதான். திமிர் கொண்டு அவன் மொட்டையாகப் பேசவில்லை. எந்தச் சொல்லை எடுத்தாலும் யாரோ ஒருவருக்குத் தீங்கு செய்ததாகிவிடுமோ என்று அந்தச் சின்ன நெஞ்சு நடுங்குகிறது.

அப்படி ஓராண்டு ஓடியது. ஒரு நாள் மாலை கொதித்த பால் அவன் தாயின் கையில் கொட்டிவிட்டது. நான் தெருமுனையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். செருப்பும் இல்லாமல் ஓடி வந்தான். தெரு முழுதும் திரும்பிப் பார்க்க, “சார், சார், அம்மா கையில பால் கொட்டிடுச்சு, வாங்க சார்” என்று கதறினான். பள்ளி வாயிலோடு நின்றிருந்த அந்தச் சொல்லை அன்று வீட்டுக்குள் கொண்டுவந்தவன் அவன்தான். அதன் பிறகு அதை விடவே இல்லை.

அந்தச் சொல்லை நீங்கள் ஒரே ஒரு முறைதான் கேட்டீர்கள். நானோ அதை எத்தனை குரலில் கேட்டிருக்கிறேன்! என் தோள்மீது அமர்ந்து என் தலைமுடியைப் பற்றிக்கொண்டு, “வேகமா போங்க சார்” என்பான். நான் சமைக்கும் நாளில் முதல் வாய் வைத்ததும், “சார், உப்பைக் கொட்டிட்டீங்க” என்பான். ஆட்டத்தில் நான் வேண்டுமென்றே தோற்றால், “சார், ஏமாத்தறீங்க” என்று காய்களைக் கலைத்துவிடுவான். தையற்காரரின் மனைவி இதைக் கேட்டுக் கேட்டு, “உங்க வீட்டுல சோறு போடறதுக்கும் மணி அடிப்பாங்களா?” என்று கேலி செய்வார். உங்கள் தங்கை சளைத்தவளா? “மணி அடிச்சும் ரெண்டு பேரும் கைகழுவ வரமாட்டாங்க” என்பாள்.

காலையில் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் பள்ளிக்குப் புறப்படுவோம். கூடத்தில் இருந்த தந்தையின் படத்தைப் பார்த்து, “அப்பா, போயிட்டு வரேன்” என்பான். உடனே என் பக்கம் திரும்பி, “சார், போலாமா?” என்பான். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்வான். அவர் இடத்தில் அவர் இருந்தார். என் இடத்தில் நான் இருந்தேன். பிள்ளை யாருக்கும் குறை வைக்கவில்லை.

பிறகு நோய் கண்டு உங்கள் தங்கை போய்விட்டாள். எல்லாம் முடிந்து உறவினர் கூடியிருந்த அந்த அவையில், அவனை அருகழைத்துத் தாங்கள் அன்போடுதான் கேட்டீர்கள்: “இவர் உனக்கு யாரு தம்பி?” பெரியவர்கள் கேட்டால் எழுந்து நின்று விடை சொல்ல வேண்டும் என்று பழகிய பிள்ளை. கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று, “எங்க சார்” என்றான். உங்கள் கண்கள் கலங்கியதைக் கண்டேன். “அப்பான்னு கூட வாயில வரல. பெத்தவளும் போயிட்டா. இனி என் தங்கச்சி பிள்ளை ஒரு வாத்தியார் வீட்டுல எதுக்கு இருக்கணும்?” என்றீர்கள். மறுநாள் அவன் பெட்டியை நான்தான் அடுக்கினேன். தந்தையின் படத்தை அவனே துணியில் சுற்றி வைத்தான்.

அன்று நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று பலர் கேட்டார்கள். நான் பேசியிருந்தால் அவன் சொல்லைத் திருத்த வேண்டியிருந்திருக்கும். தாயை இழந்து நிற்கும் பிள்ளை அவைநடுவே சொன்ன சொல்லை, ‘அது போதாது, இன்னும் பெரிதாக ஒன்று சொல்’ என்று நான் கேட்பதா? கேட்டால் அவன் சொல்லியிருப்பான். என் முகத்தைப் பார்த்துப் பதறி, தன் தந்தையிடமிருந்து பிடுங்கி எனக்குத் தந்திருப்பான். அப்படிப் பிடுங்கித் தந்ததை நான் எந்தக் கையால் வாங்குவது?

ஒன்றை உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. மருத்துவமனையில் உங்கள் தங்கை தெளிவாகப் பேசிய கடைசி நண்பகல் அது. அவன் வெளியே நடைவழியில் மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நான் சொன்னா இப்ப கேட்டுக்குவான். உங்களை அப்பான்னு கூப்பிடச் சொல்லட்டுமா?” என்றாள். வேண்டாம் என்றேன். “அவனுக்கு அப்பா இருக்காரு. எனக்கு அவன் இருக்கான். அது போதும்” என்றேன். அவள் சிரித்தாள். “வாத்தியாரே, உங்களைத் திருத்த முடியாது” என்றாள். அவளைச் சொல்லவிட்டிருந்தால் அந்த அவையில் அவன் வேறு விடை சொல்லியிருப்பான். அவன் பெட்டி இன்றும் இங்கே கட்டிலடியில் இருந்திருக்கும். இதை எண்ணாத நாளில்லை. ஆயினும், மீண்டும் அந்தக் கட்டிலருகே நிற்க நேர்ந்தால் நான் அதையேதான் சொல்வேன்.

மைத்துனரே, மரியாதையைப் பற்றி மேடையேறி நானும் முழங்கியிருக்கிறேன். ஆனால், பெரியவர்களாகிய நாம் பிள்ளைகளிடம் எதைக் கேட்கிறோம்? நம் காதுக்கு இனிக்கும் சொல்லைக் கேட்கிறோம். அச்சத்தில் வந்தாலும் சரி, அழுகையை விழுங்கிக்கொண்டு வந்தாலும் சரி, சொல் வந்தால் போதும் என்கிறோம். என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் நாள்தோறும் எழுந்து நின்று என்னைச் ‘சார்’ என்கிறார்கள். மதித்துச் சொல்பவர் எத்தனை பேர், பிரம்பை நினைத்துச் சொல்பவர் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சொல்லை என் தோளில் ஏறி அமர்ந்து சொன்னவன் ஒருவன்தான். அவன் என்னை எவ்வளவு மதித்தான் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

ஆதலால் தாங்கள் கேட்ட அந்த ஒரு வார்த்தையை நான் அவனிடம் சொல்ல மாட்டேன். எனக்காக அவன் தாயைச் சொல்லவிடாத நான், வேறொருவருக்காகச் சொல்வது முறையாகாது. என்மேல் சினம் கொள்ளுங்கள், பொறுத்துக்கொள்கிறேன். பிள்ளையின்மேல் மட்டும் கொள்ளாதீர்கள். அவன் வாயிலிருந்து எந்தச் சொல் வருகிறதோ, எப்போது வருகிறதோ, அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்கென்று ஒரு சொல்லை அவன் கட்டாயம் கண்டெடுப்பான். அது ‘மாமா’வாகவே இருந்தாலும் அதில் குறை காணாதீர்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் அவனை இங்கே அனுப்புங்கள் என்று கேட்க நினைத்தேன். எந்த உறவைச் சொல்லிக் கேட்பது என்று விளங்காமல் நாற்காலியிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அவையில் அவன் எனக்குக் கொடுத்த உறவு ஒன்றுதான். அதை ஒருவரும் மறுக்கவில்லை. மாணவனின் வீட்டுக்கு ஆசிரியன் ஒரு நடை போய்ப் பார்த்து வருவது எங்கும் உள்ள வழக்கம். அந்த முறையில் உங்கள் வாசலுக்கு ஒரு பகல்பொழுது வந்துபோக இசைவு தாருங்கள். உள்ளே வந்து உட்காரக்கூட வேண்டியதில்லை. வருவதாக முன்கூட்டி அவனிடம் சொல்ல வேண்டாம். தாங்கள் மறுத்துவிட்டால் அவன் காத்திருந்து ஏமாறக் கூடாது.

நெடுநாள் அமைதியில் கிடந்த உங்கள் இல்லம் அவன் சிரிப்பாலும் சண்டையாலும் நிறையட்டும். உங்கள் இருவர் மனமும் குளிரட்டும்.

தங்கள் மறுமொழிக்குக் காத்திருக்கும்,
அவனுடைய ஆசிரியன்.