பார்க்க வராத தம்பிக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி,
8.7.1991

அன்புத் தம்பிக்கு,

நாம் மொபெட்டிலிருந்து விழுந்து ஐம்பது நாளாகிறது. உன் முழங்கைச் சிராய்ப்பு ஆறியிருக்கும். என் தொடையெலும்பு இப்போதுதான் கூடியிருக்கிறது. கிருஷ்ணன்கோவில் வளைவில் மாடு குறுக்கே வந்தால் நீ என்ன செய்வாய்? அதற்கு உன்மேல் கோபமில்லை.

நீ ஒருநாள்கூட என்னைப் பார்க்க வராததுதான் கோபம். கூமாப்பட்டியில் சித்தப்பா வீட்டில் ஒளிந்துகொண்டிருக்கிறாயாம். "ஏட்டி, அக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு அழுதான்" என்று அம்மா சொன்னாள். படுத்துக் கிடப்பவள் நான். உன்னையும் நான்தான் தேற்ற வேண்டுமா?

ராஜபாளையத்திலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. அதை விடு.

வியாழக்கிழமை காலையில் என்னை முதன்முதலாக நிற்க வைக்கப் போகிறார்கள். "தாங்கிப் பிடிக்க யாரும்மா வருவாக?" என்று நர்ஸ் கேட்டார். தம்பி வருவான் என்று சொல்லிவிட்டேன்.

உன் அக்கா