எலும்பு கூடும் வரை

பெங்களூரு,
12.1.2025

அன்புள்ள அம்மா,

அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டே இதை வாசிக்காதே. ஓரமாக உட்கார்ந்து வாசி. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது எனக்குப் பின்னால் பெரிய வரிசை நிற்கிறது. "சாப்ட்டியா, தூங்குனியா" என்று நீ கேட்டு முடிப்பதற்குள் அடுத்தவள் தோளைத் தட்டிவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

பயிற்சி பாதியைத் தாண்டிவிட்டது. முதுகில் மூட்டையும் கையில் துப்பாக்கியுமாக ஓடுகிறோம். முடித்துவிட்டால் நானும் ராணுவப் போலீஸ்.

இங்கே கேப்டன் வித்யாஸ்ரீ என்று ஒரு டாக்டர் மேடம் வந்திருக்கிறார். நம் மதுரைக் கோச்சடைக்காரர். என் பேச்சைக் கேட்டதும், "ஏம்மா, நீ மதுரையா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு ஏன் கால் எலும்பு விரிசல் விடுகிறது, அதை வராமல் எப்படித் தடுப்பது என்று ஆராய்ச்சி செய்கிறார். சம்மதித்தவர்களின் காலில் தீப்பெட்டி மாதிரி ஒரு கருவியைக் கட்டி ஓடவிடுகிறார். பாதம் எவ்வளவு அழுத்தமாகத் தரையில் மோதுகிறது என்று அது காட்டுமாம். என்ன சாப்பிடுகிறோம், எங்கே வலிக்கிறது, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்றெல்லாம் கேட்கிறார். நானும் சேர்ந்திருக்கிறேன்.

"காலை ஒடிச்சுக்கிட்டுத்தான் வருவ" என்று ரயிலடியில் சொன்னாயே, ஒன்றும் ஒடியவில்லை. நன்றாக ஓடுகிறேன்.

உன் மகள்,
முத்துமீனா


அவனியாபுரம்,
19.1.2025

என் தங்கம் மீனாவுக்கு,

கடிதம் வந்தது. ஜல்லிக்கட்டுக் கூட்டத்தில் கடையில் மாவு பத்தவில்லை. பணியாரம் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். நீ இருந்திருந்தால் இன்னொரு தடவை ஆட்டியிருப்பாய். குறையாகச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியது, அவ்வளவுதான்.

நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். போனில் உன் குரல் அப்படி இல்லை. அந்த டாக்டர் கேட்டதை நானும் கேட்கிறேன். மாதா மாதம் வருகிறதா? அதற்கு மட்டுமாவது உண்மையைச் சொல்.

உன் சோலை மாமா மறுபடி வந்தான். "அக்கா, அவ வந்தா வைகாசில கல்யாணத்த முடிச்சிருவோம். எம்மகனும் எம்புட்டு நாளு காத்துக்கிட்டு இருப்பான்?" என்கிறான். காபியைக் கொடுத்து அனுப்பிவைத்தேன். உன் அப்பா போனதிலிருந்து இந்த வீட்டுக்கு ஆளாளுக்கு யோசனை சொல்ல வருகிறார்கள். ஆனால் உனக்குக் கஷ்டமாக இருந்தால் வந்துவிடு. ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள்.

உன் அம்மா,
பாண்டியம்மாள்


பெங்களூரு,
16.2.2025

அன்புள்ள அம்மா,

போன இரண்டு ஞாயிறும் நான் போன் பண்ணவில்லை. உன் குரலைக் கேட்டால் எல்லாவற்றையும் உளறிவிடுவேன் என்று பயம். இப்போது சொல்லியே ஆகவேண்டும்.

கால் ஒடிந்துவிட்டது. பதறாதே, முழுதாக இல்லை. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். போன கடிதம் எழுதியபோதே வலி இருந்தது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன். மேடம் கேட்டபோதெல்லாம் வலி இல்லை என்றேன். ஆஸ்பத்திரியில் படுத்தால் பின்னால் வரும் அணிக்குத் தள்ளிவிடுவார்கள். கூட வந்தவர்கள் எல்லோரும் கடைசி அணிவகுப்பை முடித்துவிட்டுப் போக, நான் மட்டும் இங்கே கிடக்கவேண்டும். அதைவிட, நீ சொன்னதே நடந்துவிட்டதே என்ற வெட்கம்.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இடது காலத் தரையில ஊனவே பயப்படுற. மெஷின் காட்டுது முத்துமீனா. யாருக்குப் பயந்து மறைக்கிற, எங்களுக்கா?"

"எங்கம்மாவுக்கு மேடம்" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இன்னும் சில நாள் ஓடியிருந்தால் எலும்பு இரண்டாகியிருக்கும், வேலைக்கே லாயக்கில்லை என்று அனுப்பியிருப்பார்கள் என்றார்.

நீ கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். பயிற்சிக்கு வந்த கொஞ்ச நாளில் மாதவிடாய் நின்றுபோனது. இளைத்தால் வேகமாக ஓடலாம் என்று நானாகவே சாப்பாட்டைக் குறைத்தேன். ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு பத்தாமல் போனால் அதுவும் நிற்கும், எலும்பும் பலவீனமாகும் என்று மேடம் விளக்கினார்.

ஆறிய பிறகு அடுத்த அணியோடு தொடரலாம். விலகி ஊருக்கு வரவும் வழி இருக்கிறது. உன் பேச்சைக் கேட்காமல் கிளம்பி வந்தேன். இந்தத் தடவை நீ சொல்கிறபடி செய்கிறேன். வா என்றால் வருகிறேன்.

மீனா


அவனியாபுரம்,
22.2.2025

மீனாவுக்கு,

கடிதத்தைக் கடையில் நின்றே வாசித்தேன். சட்டியில் பணியாரம் கரிந்து புகையாகிவிட்டது. ஷேர் ஆட்டோக்காரர்கள் ஓடி வந்து அடுப்பை அணைத்தார்கள்.

வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துச் சோலை வந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது பார், அதை என்னால் தாங்க முடியவில்லை. "நல்லதாப் போச்சுக்கா. வரச் சொல்லு, தேதி குறிச்சிருவோம்" என்றான்.

"ஏன்டா, எம்மகளுக்குக் கால்ல அடி. அதுக்குக் கல்யாணமா மருந்து?" என்று கேட்டேன். "எண்ணெய் கொட்டி என் கை வெந்துச்சே, அப்பக் கடைய மூடுன்னு நீ சொன்னியா? ஆறுனதும் நான் அடுப்பப் பத்த வைக்கலையா?"

காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான். அவன் மகனுக்கு வேறு இடம் பார்க்கட்டும்.

அவனிடம் பேசிய பிறகுதான் என் மனதில் இருப்பது எனக்கே தெரிந்தது. வராதே. படுத்திரு. வயிறாரச் சாப்பிடு. ஆறியதும் ஓடு. எனக்குப் பயமில்லை என்று சொல்லமாட்டேன். பயந்துகொண்டேதான் இருப்பேன், அது என் பாடு. அதற்காக இனி வலியை மறைக்காதே.

பார்க்க விடுவார்களா என்று அந்த டாக்டரிடம் கேட்டுச் சொல். கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன். எனக்கு இந்தி தெரியாது. வாசலில் தமிழ் தெரிந்த ஆள் யாரையாவது நிற்கச் சொல்.

அம்மா


பெங்களூரு,
15.6.2025

அன்புள்ள அம்மா,

நேற்று முழுத் தூரமும் வலியில்லாமல் ஓடினேன். மாதவிடாயும் ஒழுங்காகிவிட்டது, நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். புது அணியில் எல்லோரும் என்னை அக்கா என்கிறார்கள். மேடம் சொன்னபடி, இவர்களுக்கு மூட்டையின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுகிறார்கள். காலையில் கூடுதலாக முட்டை உண்டு. இதனால் பெண்களுக்கு விரிசல் வருவது குறைகிறதா என்று மேடம் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். "இப்பவே சொல்ல முடியாது, பொறு" என்கிறார்.

முந்தாநாள், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, முழங்காலுக்குக் கீழ லேசாக் குத்துது. யார்ட்டயும் சொல்லிராதீங்க. வீட்ல தெரிஞ்சா அவ்வளவுதான்" என்றாள். மெதுவாகப் பேசி மேடத்தின் அறை வரை கூட்டிப்போனேன். வாசல் பெஞ்சில் உட்கார்ந்ததும் எழுந்து ஓடப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "உங்களுக்கு அடிபட்டப்ப உங்கம்மா என்ன சொன்னாங்க?"

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ இங்கே வந்து இருந்த நாட்களில் அதிகம் பேசவே இல்லையே அம்மா. பார்வையாளர் நேரம் முடிந்து நர்ஸ் வந்து எழுப்பும் வரை அப்படியே உட்கார்ந்திருப்பாய்.

"ஒன்னும் சொல்லல. என் காலத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாங்க" என்றேன்.

பிறகு அவளாகவே எழுந்து, நொண்டிக்கொண்டே உள்ளே போனாள்.

உன் மீனா