சக்தி போன பின் நீலவேணி

இன்று காலை நல்லூர் அச்சகத்தில் நம் புத்தகத்தின் முதற் பிரதியைக் கையில் தந்தார்கள். மை இன்னும் மணத்தது. தேநீர்க் கடையொன்றில் உட்கார்ந்து புரட்டினேன். அட்டையில் நம் இருவர் பெயரும் இருக்கின்றன. உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நல்லூருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரே அறையில் இருந்தோம். நான் எழுதுவேன், நீ படம் கீறுவாய். நம் சித்திரக்கதையின் நாயகி நீலவேணி கடலைப் பிளப்பாள், புயலை அடக்குவாள். அத்தியாயத்துக்கு ஒரு புதிய சக்தியை நான் அவளுக்குக் கொடுத்துக்கொண்டே போனேன். ஒருநாள் நீ பென்சிலை வைத்துவிட்டாய்.

"எடி, இவளிட்டை எல்லாம் இருக்கு. இவள் ஆரெண்டுதான் தெரியேல்லை. முகத்திலை என்னத்தைக் கீறுறது?"

"வெல்லுறவளின்ரை முகத்தைக் கீறு" என்றேன். நீ தலையாட்டினாய், ஆனால் கீறவில்லை.

படிப்பு முடிந்த பிறகு உன் தலைக்குள் கட்டி வந்தது. சத்திரசிகிச்சை உயிரைத் தந்து வலக்கையின் அசைவை எடுத்துக்கொண்டது. கதையை நிறுத்திவிடலாம் என்று சொல்லத்தான் மயிலிட்டியில் உன் வீட்டுக்கு வந்தேன். நீயோ இடக்கையால் கீறிய படங்களைக் கட்டில் முழுவதும் பரப்பி வைத்திருந்தாய். சக்தியெல்லாம் இழந்த நீலவேணி வள்ளத்தில் ஏறித் துடுப்புப் பிடிக்கப் பழகுகிறாள். கரையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். கோடுகள் நடுங்கின. ஆனால் அவளுக்கு முதன்முறையாக ஒரு முகம் இருந்தது. எரிச்சலும் பிடிவாதமும் கலந்த முகம்.

"புயலை அடக்கினவள் துடுப்போடை மல்லுக்கட்டுறாள். பாவமெல்லோ?" என்றேன்.

"என்ன பாவம்? முந்தி எல்லாத்தையும் சக்தி செய்தது. இப்பதான் அவள் செய்யிறாள். நீ எழுது, நான் கீறுறன்."

அதன் பிறகு ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்தேன். சண்டை பிடித்தோம், சிரித்தோம், பக்கங்கள் சேர்ந்தன. கட்டி திரும்பி வந்தது. நீலவேணி அக்கரை சேரும் கடைசி அத்தியாயத்தைக் கீறாமலே நீ போய்விட்டாய்.

நல்ல ஓவியர் ஒருவரைப் பிடித்துத் தருவதாகப் பதிப்பாளர் சொன்னார். உன் அம்மாவிடம் கேட்டேன்.

"ஏன் பிள்ளை, நீ கீறன்" என்றார்.

நான் கீறிய பசுவை உட்காரும் கதிரை என்று நினைத்தவள் நீ! ஆனாலும் தொடங்கினேன். கிழித்தேன், மறுபடி கீறினேன். கடைசிப் படத்தில் அவள் வள்ளத்தைத் தனியே கரைக்கு இழுக்கிறாள். ஒரு தோள் மற்றதைவிடப் பெரிது. திருத்தாமல் விட்டேன்.

இப்போது யாராவது என்ன செய்கிறாய் என்று கேட்டால், "எழுதுறன், கீறுறன்" என்கிறேன். இரண்டாவது சொல் உன்னுடையது. சொல்லிச் சொல்லி எனக்கும் அது பழகி வருகிறது.