புத்தகத்துக்குள் வைத்த கடிதம்

குற்றாலம் விடுதி

அம்மா, இதை யாருக்கும் காட்டாதே, அப்பாவுக்கும்கூட. உன் முட்டுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இசைநாடகங்களுக்கு இசையமைத்த ஓர் இத்தாலிக்காரரின் கடிதங்களைப் படிக்கிறேன். அந்த நூலகப் புத்தகத்துக்குள்தான் உன் கடிதத்தை வைத்திருந்தேன். இன்று என் அறையில் தங்கியிருக்கும் உமா அந்தக் கடிதத்தை எடுத்து, "சாரல்ல நனையாதட்டி, சளி புடிச்சிரும்" என்று எல்லோரும் சிரிக்க வாசித்தாள்.

"ஏட்டி, ஒங்கம்மையா எழுதினது?" என்று என்னைக் கேட்டாள்.

"பழைய புத்தகம்லா, எவளோ வச்சிருப்பா" என்று நானும் சிரித்தேன். அவள் கிழித்துப் போட்டுவிட்டாள்.

அந்த இத்தாலிக்காரருக்கு அவர் அம்மா எழுதிய கடிதமும் புத்தகத்தில் இருக்கிறது. மழையில் நனையாதே என்றுதான் அதிலும். சாகும்வரை வைத்திருந்தாராம்.

முறுக்கு கொடுத்துவிடு. அந்தக் கடிதத்தையே திரும்ப எழுதி அனுப்பு. இந்தத் தடவை மேலே என் பெயரைப் பெரிதாக எழுது. கதவைத் தட்டுகிறார்கள், வார்டன்தான் போலிரு—