பட்டியலின் முதல் வரி

மார்ச் 4

காலாண்டு அறிக்கையை மேலாளரிடம் கொடுத்தேன். இந்தக் கண்ணாடித் தொழிற்கூடத்துக்கு நான் வந்து ஏழு மாதம். நான் அமைத்த கணினி முறையிலிருந்து வரும் முதல் முழு அறிக்கை இது. மூன்று மாதத்தில் வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய கண்ணாடிகள் 212. அவற்றில் 151க்குக் காரணம் ‘அளவு தவறு’.

மேலாளர் அந்த எண்ணை விரலால் இரண்டு முறை தட்டினார். “இதுக்குத்தாம்ப்பா உன்னை எடுத்தேன்.”

அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகும் போலிருக்கிறது.

மார்ச் 6

அளவு என்றால் மில்லி அக்கா. வெட்டு மேசை அவருடையது. பேச்சே மில்லிமீட்டரில்தான் என்பதால் அந்தப் பெயர். சாப்பாட்டு அறையில் “ஒரு முந்நூறு மில்லி தள்ளி உக்காரு தம்பி” என்பார். இன்று அவராகவே வேறு மேசைக்குப் போய்விட்டார்.

மார்ச் 11

திங்கள் முதல் மில்லி அக்காவைப் பொதி கட்டும் பிரிவுக்கு மாற்றுகிறார்கள்.

நடைபாதையில் என்னை நிறுத்தினார். குரல் உயரவில்லை.

“கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும். நானும் இப்பல்லாம் ஒவ்வொண்ணையும் மூணு தடவை அளக்கிறேன். போன வாரம் கண் டாக்டர்கிட்டயும் போனேன். பார்வை நல்லாத்தான் இருக்குங்கறாரு. அப்ப கைதான் போல.”

தலையாட்டிவிட்டு நகர்ந்தேன்.

திரும்பி வரும் கண்ணாடி நேரே உடைப்புத் தொட்டிக்குப் போகிறது. யாரும் மறுபடி அளப்பதில்லை. அளக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. எண் இருந்ததே.

மார்ச் 12

திரும்பி வரும் கண்ணாடிக்கான காரணத்தை ஓட்டுநர்கள் பதியும் கைக்கருவி ஒன்று வேலை செய்யவில்லை என்று முற்றத்துக்குப் போனேன். சுருட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஓட்டுநர், நடுவில் விரிசல் விட்ட ஒரு கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தார். தடித்த கையுறையோடு கருவித் திரையைத் தட்டினார். அளவு தவறு.

“அண்ணே, இது உடைஞ்சதுல்ல?”

“உடைஞ்சதுதான். ‘உடைந்தது’ கீழ இருக்கு. அதைத் தொட கையுறையைக் கழட்டணும். கழட்டிட்டு இதை உங்க தலையிலயா வைக்கிறது? எதையாவது தட்டினாத்தான் அடுத்த பக்கம் போகுது. மேல இருக்கிறதைத் தட்டுவோம். எல்லாருமே அப்படித்தான்.”

திரையில் இருக்கும் காரணங்கள்: ‘அளவு தவறு’, ‘உடைந்தது’, ‘கீறல்’, ‘நிறம் வேறு’, ‘வேண்டாம் என்றார்’. அகர வரிசை. அழகாக இருக்கும் என்று நான்தான் அப்படி அடுக்கினேன்.

தரவு, தகவல், முடிவு – கல்லூரியில் இதற்கு ஒரு படம் வரைவோம். மூன்று பெட்டி, இரண்டு அம்புக்குறி. கையுறைக்கு அதில் இடமில்லை.

மார்ச் 13

பொருளைத் திருப்பும்போது வாடிக்கையாளர் விநியோகச் சீட்டின் பின்புறம் காரணத்தைக் கைப்பட எழுதித் தருகிறார். மூன்று மாதச் சீட்டுகளும் அட்டைப்பெட்டியில் கிடந்தன. கணினி வந்ததும் யாரும் அவற்றைப் பார்ப்பதில்லை. 212ஐயும் படித்தேன். அளவு தவறு – ஒன்பது.

நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 14

சொன்னேன். பெட்டியை மேசைமேல் வைத்தேன்.

மேலாளர் முதல் இருபது சீட்டுகளைப் பார்த்தார். பிறகு மூடினார்.

“முதலாளிகிட்ட நான் 151னு சொல்லிட்டேன்ப்பா. இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?”

“தப்பு என்னோடது சார். அந்த அக்காவோடது இல்ல.”

“அது எனக்குப் புரியுது. நீ போ.”

மார்ச் 17

மில்லி அக்கா வெட்டு மேசையில் இருக்கிறார். எனக்குத் தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம். வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 18

மில்லி அக்கா என் அறைக்கு வந்தார், முதல் முறையாக. உட்காரவில்லை.

“ஒன்பது இருக்காமே. எடு, பாப்போம்.”

ஒவ்வொரு சீட்டாக வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். ஒன்றை மட்டும் தனியே வைத்தார். “இவங்க எழுதிக் கொடுத்தது 640. நான் 640தான் வெட்டினேன். அவங்க ஜன்னல் 604. இதை எதுல போடுவ?”

பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன். எதிலும் சேரவில்லை.

“சரி, யோசிச்சு வை.”

மீதி எட்டும் தன்னுடையவைதான் என்றார். அந்த எட்டுச் சீட்டுகளையும் என்னிடம் கேட்டு வாங்கி, மடிக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.